கியர் லிவர் ஆட்டம்: அட்ஜஸ்ட் செய்வதற்கு முன் தேய்ந்ததை மாற்றுங்கள்

கியர் விழுந்த பிறகும் லிவர் அங்குமிங்கும் ஆடுகிறது. ரிவர்ஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது போட்டால் சில நேரம் நான்காவது விழுகிறது. பழைய வண்டியில் இவை சேர்ந்து வந்தால் ‘கியர் பாக்ஸ் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம். பாக்ஸைத் தொடும் முன், லிவருக்கும் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் ராடு, புஷ் (மூட்டின் ஓட்டைக்குள் உட்காரும் உறை), பின், பந்து மூட்டு என்று லிங்கேஜ் முழுவதையும் பார்த்துவிடுங்கள். பாக்ஸை இறக்குவது பெரிய வேலை. லிங்கேஜ் பெரும்பாலும் ஒரு நாள் வேலைதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ராடின் நீளத்தை மாற்றும் நட்டைத் திருகி ‘செட்’ செய்வது. அந்த அட்ஜஸ்ட்மென்ட் எதற்கு இருக்கிறது? லிவரின் நியூட்ரலும் பாக்ஸின் நியூட்ரலும் ஒன்றுக்கொன்று நேராக வருவதற்கு. தேய்ந்த ஓட்டைக்குள் பின் ஆடுவதை அது துளியும் குறைக்காது. ஆட்டத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்கும், அவ்வளவுதான். ஒன்றும் மூன்றும் அழகாக விழும், இரண்டும் நான்கும் பாதிதான் விழும். மறுபடி யாராவது எதிர்ப்பக்கம் திருகுவார்கள், குறை இடம் மாறும். தேய்ந்ததை முதலில் மாற்றி, அட்ஜஸ்ட் செய்வதைக் கடைசியில் வைத்தால் இந்தச் சுற்று முடியும்.

ஆட்டம் எப்படிப் பெருகுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. லிவர் திரும்பும் மையத்துக்கு மேலே 300 மி.மீ., கீழே 50 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் ஆறுக்கு ஒன்று. கீழே ஒரு மூட்டில் 0.4 மி.மீ. ஆட்டம் இருந்தால் கைப்பிடியில் 2.4 மி.மீ. தெரியும். அப்படி நான்கு மூட்டு இருந்தால் கீழே மொத்தம் 1.6 மி.மீ., கைப்பிடியில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். தனித்தனியாகப் பார்த்தால் எந்த மூட்டும் மோசமாகத் தெரியாது. ‘எல்லாத்தையும் ஆட்டிப் பார்த்தேன், எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வது இதனால்தான்.

கைக்கு அசௌகரியம் என்பதோடு இது நிற்பதில்லை. கியர் முழுதாக விழ, பாக்ஸுக்குள் கியரைத் தண்டோடு இணைக்கும் வளையமான ஸ்லீவ் அதன் முழுத் தூரமும் நகர வேண்டும். புது வண்டியில் கியர் விழுந்த பிறகும் லிவருக்கு இன்னும் கொஞ்சம் போக இடம் மிச்சமிருக்கும். தேய்மானம் அந்த மிச்சத்தைத் தின்றுவிட்டால் லிவர் கன்சோலிலோ ஸ்டாப்பிலோ முட்டி நிற்கும், ஸ்லீவ் பாதியில் நிற்கும். ஸ்லீவின் பல்லும் அது போய் மாட்டும் கியரின் டாக் பல்லும் லேசாகச் சரித்து வெட்டப்பட்டிருக்கும். லோடு வரும்போது ஒன்றையொன்று உள்ளே இழுத்துப் பிடிப்பதற்காக அப்படி வெட்டுகிறார்கள். நுனி மட்டும் பிடித்தால் அந்த இழுப்பு வேலை செய்யாது. ஆக்ஸிலரேட்டரை விடும்போது கியர் துள்ளி வெளியே வரும், ஒவ்வொரு முறையும் பல்லின் முனை மழுங்கும். அதற்குப் பிறகு லிங்கேஜைப் புதிதாகப் போட்டாலும் கியர் துள்ளும். ஒரு சின்ன பிளாஸ்டிக் புஷ் பாக்ஸைத் தின்னும் கதை இதுதான்.

லிங்கேஜா, கிளட்சா, பாக்ஸா?

இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். நின்ற வண்டியில் ஒரு கியர் பல்லோடு பல் முட்டி நிற்கலாம். வண்டியைச் சற்று நகர்த்தி மறுபடி போடுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் ரிவர்ஸில் கரகரவென்று உரசினால் கிளட்ச் முழுதாக விடவில்லை. லிங்கேஜைக் கழற்றுவது வீண். ஒரே ஒரு கியர் மட்டும் போடும்போது உரசி, மற்றவை சுத்தமாக விழுந்தால் அது பெரும்பாலும் அந்த கியரின் சின்க்ரோ (கியர் விழும் முன் வேகத்தைச் சமமாக்கும் வளையம்). இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் ஒரே மாதிரி சிரமம் என்றால் லிங்கேஜ் பக்கம் வாருங்கள்.

முடிவு சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. பாக்ஸின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செலக்டர் லிவரிலிருந்து ராடைக் கழற்றிவிட்டு, அந்த லிவரைக் கையாலேயே நகர்த்துங்கள். ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’கென்று தெளிவாக உட்கார்ந்தால் உள்ளே கியரை அதன் நிலையில் பிடித்து வைக்கும் டிடென்ட் பந்தும் ஸ்பிரிங்கும் நன்றாக இருக்கின்றன, குறை முழுக்க வெளியேதான். அந்த ‘டக்’ கையில் தெரியவில்லை, கொழகொழவென்று நகர்கிறது என்றால் வெளியே எத்தனை புஷ் மாற்றினாலும் பாதிப் பலன்தான். செலக்டர் ஷாஃப்டையே மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அதன் சீல் வழியாக எண்ணெய் கசிந்தால் முதலில் சீலை மாற்றுங்கள். கசியும் எண்ணெய் பக்கத்தில் இருக்கும் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும்.

எச்சரிக்கை ஒன்று. ராடைக் கழற்றிய வண்டியில் ‘கியர் போட்டு நிறுத்தியிருக்கேன்’ என்று நம்பாதீர்கள். வண்டிக்குள் லிவர் முதல் கியரில் இருக்கும், பாக்ஸ் நியூட்ரலில் இருக்கும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், கீழே போவதென்றால் ஜாக் மட்டும் போதாது, ஸ்டாண்டு வேண்டும். சைலன்சர் குழாய் லிங்கேஜை ஒட்டியே ஓடும் வண்டிகள் நிறைய, ஆறவிடுங்கள்.

ஆட்டம் எந்தத் திசையில்?

லிவரின் அசைவு இரண்டு. முன்னும் பின்னும் தள்ளுவது கியரை உள்ளே விடுகிறது. இடதும் வலதும் தள்ளுவது எந்த வரிசை (ஒன்று-இரண்டா, மூன்று-நான்கா) என்று தேர்ந்தெடுக்கிறது. இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் தனித்தனி மூட்டுகள். முன்பின் ஆட்டம் அதிகம் என்றால் கியர் ஆழமாக விழாது, துள்ளும். பக்கவாட்டு ஆட்டம் அதிகம் என்றால் வரிசை தவறும். இரண்டுக்குப் பதில் நான்கு விழுவதும், ஓரத்தில் இருக்கும் ரிவர்ஸோ ஐந்தோ எட்டாமல் போவதும் இதனால். குறையைத் திசையோடு குறித்துக்கொண்டால் பாதி மூட்டுகளை நல்லது என்று ஒதுக்கிவிடலாம்.

அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை டேப் போட்டு ஒட்டுங்கள். மூன்றாவது கியரில் விட்டு, ஒரு விரலின் பலத்தில் முன்னும் பின்னும் அசைத்து எத்தனை மி.மீ. என்று பாருங்கள். நியூட்ரலில் பக்கவாட்டுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் நியூட்ரலில் லிவர் நகர்வதெல்லாம் ஆட்டமில்லை. ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கையில் வரும்வரை உள்ளதுதான் ஆட்டம். வேலை முடிந்ததும் அதே அளவை மறுபடி எடுத்தால் செய்தது பலித்ததா என்று ஊகிக்க வேண்டியதில்லை.

தேய்ந்த மூட்டைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லிவரை மெதுவாக அசைக்க, கீழே இருப்பவர் ஒவ்வொரு மூட்டிலும் பாதி விரல் ஒரு துண்டிலும் பாதி அடுத்த துண்டிலும் படும்படி வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அரை மி.மீ. விரலில் துல்லியமாகத் தெரியும். லிவரிலிருந்து தொடங்கி பாக்ஸ் வரை வரிசையாகப் போங்கள், நடுவில் ஒன்று கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். கடைசியில் செலக்டர் ஷாஃப்டின் மேல் இருக்கும் கை (செலக்டர் லிவர்) வரை வாருங்கள். அதன் இறுக்கும் போல்ட் லூஸாகி, உள்ளே வரிப்பல் (ஸ்ப்லைன்) தேய்ந்திருப்பது பலர் தவறவிடும் இடம்.

இன்ஜினைப் பாடியோடு பிடிக்கும் ரப்பர் மவுண்டையும் இதே கட்டத்தில் பாருங்கள். மவுண்ட் கிழிந்திருந்தால் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது இன்ஜினும் பாக்ஸும் சேர்ந்து சாயும், லிவர் பாடியில் இருக்கும், நடுவில் இருக்கும் ராடு கியரை இழுத்து வெளியே எடுக்கும். குறுக்கே வைத்த இன்ஜின்களில் இது ரொம்ப சகஜம். லிங்கேஜ் முழுக்கப் புதிதாகியும் மேடேறும்போது கியர் துள்ளினால் மவுண்ட்தான் முதல் சந்தேகம்.

கழற்றுவது, புஷ் மாற்றுவது

கழற்றும் முன் படம் எடுங்கள். ராடு கிளாம்புக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று கூரான ஊசியால் கீறி வையுங்கள். பெயிண்ட் கோடு கிளீனரில் கரைந்துவிடும். துருப்பிடித்த பின்னுக்கு முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவிடுவது நல்லது. ஸ்பிலிட் பின்னை (முனையை விரித்து மடக்கும் கம்பிப் பின்) திரும்பப் போடக்கூடாது. ஒருமுறை வளைத்து நிமிர்த்திய கம்பி எப்போது முறியும் என்று சொல்ல முடியாது.

பிளாஸ்டிக் புஷ் என்றால் வேலை எளிது. பழையதன் துணுக்குகளை முழுக்க எடுத்து, உட்காரும் ஓட்டையின் ஓரத்தில் பிசிறு இருந்தால் அரத்தால் நீவுங்கள். பிசிறு புதுப் புஷ்ஷைப் போடும்போதே வெட்டிவிடும். புஷ்ஷைச் சுடுநீரில் சில நிமிடம் வைத்தால் இளகும். ஒரு பக்கம் சாக்கெட், மறுபக்கம் தட்டையான வாஷர் வைத்து வைஸிலோ பெரிய பிளையரிலோ நேராக அழுத்துங்கள். சுத்தியலால் தட்டினால் ஒரு ஓரம் மடங்கும்.

புது புஷ் கிடைக்காத வண்டிக்கு லேத்தில் கடைந்து கொள்ளலாம். நைலானைவிட அசிட்டால் என்ற கடின பிளாஸ்டிக் தண்டு நல்லது. நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும், இன்று சரியாக இருக்கும் புஷ் மழைக்காலத்தில் இறுகும். அசிட்டால் அளவு மாறாது.

பந்து மூட்டில் கப்பை மட்டும் மாற்றினால் போதாது, பந்தை வெர்னியரால் மூன்று நான்கு திசையில் அளந்து பாருங்கள். ஒரு திசைக்கும் இன்னொன்றுக்கும் 0.3 மி.மீ. வித்தியாசம் வந்தால் அது பந்தே இல்லை, முட்டை. மேலே துருப் பள்ளம் இருந்தாலும் அதே கதிதான்: புதுக் கப்பைச் சில வாரத்தில் அரைத்துத் தள்ளும். பந்து ஸ்டட்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

ரப்பர் புஷ் விஷயத்தில் ஒரு கருத்து. ‘ரப்பர்தானே கெடுது, பித்தளையில போட்டுடலாம்’ என்ற யோசனை எல்லாருக்கும் வரும். இன்ஜினின் நடுக்கத்தைத் தடுக்கத்தான் அந்த இடத்தில் ரப்பர் வைத்திருக்கிறார்கள், குறிப்பாகப் பாக்ஸையும் லிவரின் அடியையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் ராடில். அங்கே உலோகம் போட்டால் கியர் கச்சிதமாக விழும், ஆனால் லிவர் நாள் முழுக்கக் கையில் அதிரும். ரப்பர் இருந்த இடத்தில் ரப்பர், அல்லது நடுத்தரக் கடினமுள்ள பாலியூரித்தேன். அதற்கு மேல் போக வேண்டாம்.

ஓவலான ஓட்டை

நிஜமான உழைப்பு இங்கேதான். கிளெவிஸ் என்ற கவைமுனையில் பின் உட்காரும் ஓட்டை, இழுக்கும் திசையில் நீண்டு முட்டை வடிவமாகியிருக்கும். புதுப் பின் போட்டால் பின்னின் தேய்மானம் மட்டும் போகும், ஓட்டையின் தேய்மானம் அப்படியே இருக்கும்.

8 மி.மீ. பின்னுக்கான ஓட்டை ஒரு திசையில் 9 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 10, உள்விட்டம் 8 உள்ள கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ் போடுவதுதான் சிறந்த வழி. முதல் சிக்கல், பழைய மையம் எங்கே என்பது. தேயாத திசையில், அதாவது இழுக்கும் கோட்டுக்குக் குறுக்கே, ஓட்டை இன்னும் 8 மி.மீ. இருக்கும், அதன் நடுக்கோடு நம்பகமானது. நீளவாக்கில் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். அதே மாதிரி தேயாத இன்னொரு கையில் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை அளந்து மறுமுனை ஓட்டையிலிருந்து எடுத்தோ, ஓட்டையின் வாயில் தேயாமல் மிஞ்சிய வளைவையோ வைத்து மையத்தைக் குறியுங்கள்.

கை ட்ரில்லில் இதைச் செய்ய வேண்டாம். ஓவல் ஓட்டையில் ட்ரில் பிட் பள்ளமான பக்கத்துக்கே ஓடும். ட்ரில் மெஷினின் மேசையில் துண்டை இறுக்கிக் கட்டி, மெதுவான வேகத்தில் 9.8 வரை துளைத்து, ஓட்டையைச் சரியான அளவுக்கு வழித்தெடுக்கும் 10 மி.மீ. ரீமரால் முடியுங்கள். நேரடியாக 10 மி.மீ. பிட்டில் துளைத்தால் ஓட்டை சற்றே பெரிதாகி புஷ் கையாலேயே போகும், அது சில நாளில் சுற்றத் தொடங்கும். துளைத்த பிறகு சுற்றிலும் 4 மி.மீ.யாவது இரும்பு மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் இந்த வழியை விடுங்கள்.

புஷ்ஷை வைஸில் வைத்து அழுத்துங்கள். தகடு மெல்லியதாக, 5 மி.மீ. அளவில் இருந்தால் காலர் வைத்த புஷ்தான் வேண்டும், வெறும் குழாய் நகர்ந்து வெளியே வரும். காலருக்கு 1 மி.மீ. தடிமன் கூடும் என்பதால் கிளெவிஸின் வாய்க்குள் இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். அழுத்தியதும் உள்விட்டம் சில நூறில் ஒரு பங்கு மி.மீ. சுருங்கும். பின் இறுகுகிறதே என்று பின்னைத் தேய்க்காதீர்கள், 8 மி.மீ. ரீமரை ஒருமுறை விட்டால் சரியாகும். பின் கையால் சுழல வேண்டும், அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. 0.03லிருந்து 0.08 மி.மீ. இடைவெளி போதும். எண்ணெய் ஊறிய சிண்டர்டு புஷ் (உலோகத் தூளை அழுத்திச் சுட்டது) என்றால் உள்ளே ரீமர் விடுவது சரியில்லை. வெட்டும் முனை நுண்துளைகளை அடைத்துவிடும், பிறகு எண்ணெய் வெளியே வராது. சரியான அளவுள்ள வழவழப்பான தண்டை உள்ளே வைத்துக்கொண்டே அழுத்தினால் உள்விட்டம் சுருங்காது.

இரும்பு போதவில்லை என்றால் ஓட்டையை வெல்டிங்கால் நிரப்பி மறுபடி துளைக்க வேண்டும். துண்டை வண்டியிலிருந்து கழற்றி, துருவும் கிரீஸும் போகத் தேய்த்து, அடியில் செம்புத் தகடு வைத்து வெல்டு செய்யுங்கள். செம்பில் வெல்டு ஒட்டாது, அடிப்பக்கம் தட்டையாக வரும். தானாக ஆறவிடுங்கள், தண்ணீரில் போட்டால் கடினமாகி ட்ரில் ஏறாது.

மூன்றாவது வழி, ஓட்டையை வட்டமாகும் வரை மட்டும் பெரிதாக்கி அதற்குப் பொருத்தமான தடித்த பின்னைக் கடைந்து போடுவது. வேலை நடக்கும், ஆனால் அடுத்த முறை கழற்றுபவர் சாதாரணப் பின்னைப் போட்டுவிட்டு எங்கே தப்பு என்று தேடுவார்.

பின்னுக்குப் பதில் போல்ட் போடுவதாக இருந்தால் மரை இல்லாத தண்டுப் பகுதி ஓட்டை முழுக்க வர வேண்டும். முழு மரை போல்ட் ரம்பம் மாதிரி வேலை செய்யும். நட்டை இறுக்கி மூட்டையே பூட்டிவிடவும் கூடாது, தானாகக் கழலாத நைலாக் நட் போட்டு மூட்டு சுழலும்படி விடுங்கள்.

யூனிவர்சல் ஜாயின்ட் ரோல் பின்னால் (சுருட்டிய தகட்டுப் பின்) பிடித்திருந்தால் பின்னைவிடச் சற்றே சிறிய நேர் பஞ்சால் தட்டுங்கள். கூம்புப் பஞ்ச் பின்னை விரித்து இறுக்கிவிடும். கேபிள் லிங்கேஜ் என்றால் முனையில் இருக்கும் புஷ்ஷை மட்டும் மாற்றலாம்; உள்கம்பி கனமாக ஓடினால் கேபிளையே மாற்ற வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் உறை இருக்கும் கேபிளில் கிரீஸ் ஏற்றுவது தூசியைப் பிடித்து வைக்கத்தான் உதவும்.

கிரீஸும் இடம் பார்த்துத்தான். உலோகத்துக்கும் நைலான், அசிட்டால் புஷ்ஷுக்கும் சாதாரண லித்தியம் கிரீஸ் போதும். இயற்கை ரப்பர் அதில் ஊறி உப்பும். அங்கே சிலிக்கான் கிரீஸ். பாலியூரித்தேனுக்கும் சிலிக்கான்தான், இல்லாவிட்டால் கீச்சிடும். கிழிந்த ரப்பர் உறையை மாற்றாமல் கிரீஸ் மட்டும் அப்பினால் மணலும் கிரீஸும் சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும்.

கடைசியில் அட்ஜஸ்ட்மென்ட்

இப்போதுதான் அந்த நட்டுக்கு வேலை. கிளாம்பை லூஸாக்கி, பாக்ஸின் லிவரைக் கையால் நியூட்ரலில் வைத்து, உள்ளே கியர் லிவரையும் நியூட்ரலில் நேராக நிறுத்தி, ராடை இழுக்காமல் தள்ளாமல் கிளாம்பை இறுக்குங்கள். முன்பு கீறிய கோடு தொடக்கப் புள்ளிதான். அது பழைய ஆட்டத்தோடு வைத்த செட்டிங், அங்கேயே வர வேண்டும் என்று கட்டாயமில்லை. பல லிங்கேஜ்களில் நியூட்ரலில் ஒரே நேராக வரும் ஓட்டைகள் வைத்திருப்பார்கள். அதில் 6 மி.மீ. அளவுள்ள ட்ரில் பிட்டின் தண்டைச் சொருகிப் பூட்டிவிட்டு இறுக்கினால் இன்னொரு ஆள் பிடிக்கத் தேவையில்லை. இறுக்கியதும் அதை எடுக்க மறக்காதீர்கள். மரை போட்ட முனை என்றால் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, எம்8க்கு 12 மி.மீ., மரை உள்ளே இருக்க வேண்டும். வளைந்த ராடை அட்ஜஸ்ட்மென்ட்டால் ஈடுகட்டாதீர்கள். ஆனால் தொழிற்சாலையிலேயே வளைத்த ராடும் உண்டு, நிமிர்த்தும் முன் யோசியுங்கள்.

ஒவ்வொரு கியரிலும் ‘டக்’ விழுந்த பிறகு லிவர் இன்னும் சில மி.மீ. போகிறதா என்று பாருங்கள். எதிரெதிர் கியர்களில் அந்த மிச்சம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்றில் நிறைய, எதிரில் பூஜ்யம் என்றால் ராடின் நீளத்தை அரைச் சுற்று மாற்றுங்கள்.

ஸ்டியரிங் தண்டில் லிவர் உள்ள வண்டிகளில் இரண்டு ராடு, இரண்டு கை. ஒரு கை முழுதாக நியூட்ரலுக்கு வரும் முன் லிவர் அடுத்த வரிசைக்குத் தாவினால் இரண்டு வரிசையும் ஒன்றாக மாட்டிப் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலும் தண்டின் அடியில் அந்தக் கைகளைத் தேர்ந்தெடுக்கும் குறுக்குத் துண்டின் பள்ளம் தேய்ந்ததால் வருவது இது. சாலையில் மாட்டிக்கொண்டால் லிவரை முறுக்காமல், இன்ஜினை நிறுத்திப் பானெட்டைத் திறந்து, இரண்டு கைகளையும் கையால் நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மாதிரி இன்ஜின் பின்னால் இருக்கும் வண்டியில் ஒரே நீளமான ராடு நடு டனலுக்குள் ஓடுகிறது. தேய்வது இரண்டு இடம்: டனலின் முன்பக்கம் ராடைத் தாங்கும் புஷ், பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் மூடியைத் திறந்தால் தெரியும் கப்ளர். கப்ளரின் சதுரத் தலை ஸ்க்ரூவைக் கம்பி கட்டிப் பூட்ட வேண்டும், அது கழன்றால் ஒரு கியரும் விழாது.

வழியில் ராடு கழன்றே விட்டால் இன்ஜினை நிறுத்தி, கட்டை வைத்து, பாக்ஸின் லிவரைக் கையால் இரண்டாவதில் விடுங்கள். தொங்கும் ராடை எதிலும் மாட்டாதபடி கட்டிவிட்டு, அந்த ஒரே கியரில் மெதுவாக ஓட்டிப் போய்ச் சேரலாம். ரிவர்ஸ் கிடையாது என்பதை நினைவில் வைத்து நிறுத்துங்கள்.

முதல் 500 கி.மீ. ஓடியதும் மறுபடி கீழே போய், கிளாம்ப் போல்ட், ஸ்பிலிட் பின், புதிதாக அழுத்திய புஷ் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேலில் எடுத்த அளவையும் அப்போதே இன்னொரு முறை எடுத்துவிடுங்கள்.